ரத்தத்தில் பாஸ்பேட் - ஒரு நீல நிறத்தின் வரலாறு

விருத்தாசலம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பழமலைநாதர் கோயில். அடுத்து செராமிக். வீட்டு மின்பெட்டியில் இருக்கும் வெள்ளை பியூஸ் கேரியர், கொலு வைக்கும் பொம்மை, அகல் விளக்கு, டீ குடிக்கும் பீங்கான் கோப்பை என்று பலவும் இந்த ஊர்ச் சூளைகளில் வெந்து வெளியூர் போகின்றன. பக்கத்து நெய்வேலியில் கிடைக்கும் களிமண் இந்தத் தொழிலுக்குக் கைகொடுத்தது. மாநில அரசின் செராமிக் தொழில்நுட்பப் பயிலகமும் இங்கே இருக்கிறது.

இதே ஊரில் யாராவது ஒருவர் ரத்தப் பரிசோதனைக்குப் போனால், கையில் வரும் தாளில் இப்படி ஒரு வரி இருக்கலாம். "பாஸ்பரஸ் 3.4 (2.5 - 4.5)". சர்க்கரை எவ்வளவு, கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று பார்க்கும் கண் இந்த வரியைத் தாண்டிப் போய்விடும். ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருடைய வீட்டில் கேட்டுப் பாருங்கள். முதலில் பார்க்கும் எண்களில் இதுவும் ஒன்று என்பார்கள்.

இந்த எண்ணை எப்படி அளக்கிறார்கள்? யார் கண்டுபிடித்தார்கள்? அந்தக் கதையில் ஒரு பாதி சென்னையில் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சிறுநீரில் பிறந்த தனிமம்

1669-ம் ஆண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி தங்கம் செய்ய முயன்று கொண்டிருந்தார். மஞ்சளாக இருப்பதால் சிறுநீரில் தங்கம் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, வாளி வாளியாகச் சிறுநீரைச் சேர்த்துக் காய்ச்சினார். தங்கம் வரவில்லை. இருட்டில் ஒளிரும் மெழுகு போன்ற ஒரு பொருள் வந்தது. அதுதான் பாஸ்பரஸ். கிரேக்க மொழியில் "ஒளியைக் கொண்டு வருவது" என்று பொருள்.

அதன்பின் நூறு ஆண்டுகள் கழித்து, ஸ்வீடன் நாட்டின் கான், ஷீலே ஆகிய இருவரும் எலும்பில் பாஸ்பரஸ் இருப்பதைக் காட்டினார்கள். எலும்பு என்பது பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்புதான்.

இங்கே பீங்கான் தொழிலும் கதைக்குள் வருகிறது. "போன் சைனா" என்று கடைகளில் விற்கும் மெல்லிய விலை உயர்ந்த கோப்பைகளைப் பார்த்திருப்பீர்கள். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஸ்போட் குடும்பத்தார் நிலைநிறுத்திய முறை அது. களிமண்ணோடு மாட்டெலும்பைச் சுட்டெடுத்த சாம்பலைச் சரிபாதி அளவு சேர்ப்பார்கள். அந்தச் சாம்பல் கால்சியம் பாஸ்பேட். கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிவதற்கு அதுதான் காரணம். விருத்தாசலத்துக்குத் தென்மேற்கே பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பழைய கடல் பாறைகளிலும் பாஸ்பேட் முடிச்சுகள் கிடைப்பதை 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே நிலவியலாளர்கள் பதிவு செய்தார்கள்.

ஆக, பாஸ்பேட் மண்ணிலும் இருக்கிறது, எலும்பிலும் இருக்கிறது. ரத்தத்தில் என்ன வேலை?

கையிருப்பும் மொத்தச் சொத்தும்

வயது வந்த ஒருவர் உடம்பில் சுமார் 700 கிராம் பாஸ்பரஸ் உண்டு. அதில் 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். மீதியில் பெரும்பகுதி தசை முதலிய செல்களுக்குள். ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்து ஓடுவது மிகச் சொற்பம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்குப் பிளாஸ்மா சுமார் 3 லிட்டர். ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மில்லிகிராம் என்றால் மொத்தம் 105 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. 700 கிராமில் இது ஏழாயிரத்தில் ஒரு பங்குதான்.

கணக்கியல் மொழியில் சொன்னால், ஏழாயிரம் ரூபாய் சொத்து உள்ள கடையில் கல்லாப்பெட்டியில் ஒரு ரூபாய் இருப்பது போல. கல்லாவைப் பார்த்துச் சொத்தை மதிப்பிட முடியாது. ஆனால் அன்றாட வியாபாரம் நடப்பது கல்லாவில்தான். அங்கே பணம் தீர்ந்தாலும் சிக்கல், கணக்குக்கு மீறிச் சேர்ந்தாலும் சிக்கல். உடம்பும் அப்படித்தான். குடல் வரவு வைக்கிறது, சிறுநீரகம் செலவு எழுதுகிறது, எலும்பு வங்கி லாக்கர். பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன், வைட்டமின் டி, எலும்பிலிருந்து வரும் எஃப்.ஜி.எஃப்-23 என்ற ஹார்மோன் ஆகிய மூன்றும் கணக்குப்பிள்ளைகள்.

சரி, இந்தக் கல்லாவை எண்ணுவது எப்படி? அதுதான் நூறு ஆண்டுகளுக்கு முன் பெரிய தலைவலியாக இருந்தது.

மாற்று உரைத்துப் பார்ப்பது

விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். சுந்தரர் இங்கே இறைவனிடம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். "ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது" என்ற பழமொழியை இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். பலரும் மறந்துவிடும் ஒரு பகுதி அதில் உண்டு. ஆற்றில் போடுவதற்கு முன் சுந்தரர் அந்தப் பொன்னில் ஒரு துண்டை மச்சமாக வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்று குறைந்திருந்தது. மறுபடி பாடி, மாற்று சரியான பிறகுதான் ஏற்றுக்கொண்டார். திருவாரூரில் "மாற்றுரைத்த பிள்ளையார்" இன்றும் இருக்கிறார்.

அளவு தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்து, தெரியாத ஒன்றை ஒப்பிடுவது. ரத்தப் பரிசோதனையின் அடிப்படையும் இதேதான்.

பாஸ்பேட்டோடு அமிலத்தில் மாலிப்டேட் சேர்த்தால் ஒரு கூட்டுப்பொருள் உண்டாகும். அதோடு ஆக்சிஜனை இறக்கும் ஒரு பொருளைச் சேர்த்தால் நீல நிறம் வரும். பாஸ்பேட் அதிகம் என்றால் நீலம் அடர்த்தி. 1920-ல் அமெரிக்காவின் பெல், டாய்சி இருவரும் இந்த வழியில் ரத்தப் பாஸ்பேட்டை அளந்தார்கள். 1922-ல் பிரிக்ஸ் அதைத் திருத்தினார். ஆனாலும் குறைகள் தீரவில்லை. நிறம் நிலைக்காது, அல்லது வர நேரம் எடுக்கும். மாதிரியில் இருக்கும் வேறு பொருள்கள் நிறத்தைக் கெடுக்கும். இன்று ஒரு எண், நாளை வேறு எண் வந்தால் மருத்துவர் எதை நம்புவார்?

மூன்றாம் முறை தேறிய மாணவர்

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். படிப்பில் முதல் மாணவர் என்றெல்லாம் சொல்ல முடியாது. சிறுவயதில் காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆகலாம் என்று வீட்டை விட்டு ஓடியவர். அம்மா பிடித்துக் கொண்டுவந்து மறுபடி பள்ளியில் சேர்த்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார்.

பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. துறவியாகி ராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். மருத்துவம் படித்துவிட்டு வந்து சேவை செய் என்று வழிகாட்டினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பைக் கேட்டு, அறுவை சிகிச்சை அங்கியைக் கதரில் தைத்துப் போட்டுக்கொண்டார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

இதற்கிடையில் வீட்டில் பெரிய இடி. அவருடைய இரண்டு சகோதரர்கள் அடுத்தடுத்து ஸ்ப்ரூ என்ற குடல் நோயால் இறந்தார்கள். சாப்பிடுவது உடம்பில் ஒட்டாமல் வயிற்றுப்போக்கிலேயே ஆளை உருக்கும் நோய் அது. சுப்பாராவுக்கும் வந்தது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார். பின்னர் சென்னையில் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு பாடம் நடத்தினார்.

மாமனார் கொடுத்த பணமும், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவியும் சேர்ந்து அவரை அமெரிக்காவுக்கு அனுப்பின. 1922 அக்டோபர் 26-ல் பாஸ்டன் நகரில் இறங்கினார். மனைவி சேஷகிரி அப்போது கர்ப்பிணி. பிறந்த மகன் ஒரு வயது நிறையும் முன்பே இறந்துவிட்டான். அந்தப் பிள்ளையை அப்பா பார்க்கவே இல்லை. சுப்பாராவ் அதன்பின் ஊர் திரும்பவும் இல்லை.

அமெரிக்காவில் மருத்துவம் பார்க்க உரிமம் கிடையாது. மருத்துவமனையில் இரவு நேர எடுபிடி வேலை பார்த்தார். நோயாளிகளின் மலச்சட்டி கழுவுவதும் அதில் அடக்கம். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவத்தில் டிப்ளமோ முடித்து, அங்கேயே உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை: பாஸ்பரஸை அளக்க நம்பகமான முறை ஒன்றைக் கண்டுபிடி.

1925: ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை

அவர்கள் செய்தது கேட்க எளிமையாக இருக்கும். ரத்தத்திலிருந்து புரதத்தை அமிலம் சேர்த்துப் பிரித்து வடிகட்டினார்கள். தெளிந்த நீரில் கந்தக அமிலமும் மாலிப்டேட்டும் சேர்த்தார்கள். நிறத்தை எழுப்ப, பழைய பொருளுக்குப் பதிலாக அமினோநாப்தால்சல்பானிக் அமிலம் என்ற புதிய பொருளைப் பயன்படுத்தினார்கள். சில நிமிடங்களில் தெளிவான நீலம் வந்தது. பிற பொருள்களின் தொந்தரவும் குறைந்தது.

அடுத்தது ஒப்பிடுவது. அன்றைய கருவிக்கு டுபாஸ்க் கலரிமீட்டர் என்று பெயர். இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் அளவு தெரிந்த கரைசல், மற்றதில் நோயாளியின் மாதிரி. மேலே கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரு வட்டம் இரண்டு பாதியாகத் தெரியும். குவளையை ஏற்றி இறக்கி, இரண்டு பாதியும் ஒரே நீலமாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். தெரிந்த கரைசல் 5 மில்லிகிராமுக்குச் சமம், அதன் ஆழம் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாதிரிக்கு 25 மில்லிமீட்டர் ஆழம் தேவைப்பட்டால் அது நீர்த்தது என்று பொருள். 5 x 20 / 25 = 4 மில்லிகிராம். சுந்தரரின் மச்சம் செய்த வேலையை அந்த முதல் குவளை செய்தது.

1925-ல் வெளியான இந்தக் கட்டுரை அறிவியல் உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் ஒன்றானது. உலகம் முழுக்க உயிர்வேதியியல் மாணவர்கள் செய்முறை வகுப்பில் "ஃபிஸ்க் - சுப்பாராவ்" என்று எழுதிப் படித்தார்கள். இன்று பெரிய ஆய்வகங்களில் தானியங்கி இயந்திரங்கள் வந்துவிட்டன. நிறம் எழுப்பாமலே புறஊதாக் கதிரை வைத்து அளக்கின்றன. ஆனால் உள்ளே நடப்பது அதே மாலிப்டேட் வேதிவினைதான்.

பிழை என்று நினைத்தது புதையல்

முறை தயாரானதும் தசையில் உள்ள பாஸ்பேட்டை அளந்து பார்த்தார்கள். ஒரு விசித்திரம் நடந்தது. ரத்தத்தில் சட்டென்று வரும் நீலம், தசைச் சாற்றில் மெதுவாக, நேரம் போகப் போக அடர்ந்துகொண்டே வந்தது. முறையில் கோளாறு என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. தசையில் இருப்பது தனிப் பாஸ்பேட் இல்லை, எதனோடோ ஒட்டியிருக்கிறது, அமிலத்தில் அது உடைய உடைய நிறம் வருகிறது என்று கண்டார்கள். 1927-ல் அதற்குப் பெயர் தெரிந்தது. பாஸ்போகிரியேட்டின். அதே காலத்தில் லண்டனில் எகிள்டன் தம்பதியரும் தனியாக இதே பொருளின் தடயத்தைப் பிடித்திருந்தார்கள்.

தசை வேலை செய்யும்போது இந்தப் பொருள் குறைகிறது, ஓய்வில் மறுபடி சேர்கிறது. 1922-ல் ஹில், மேயர்ஹாஃப் இருவருக்கும் நோபல் பரிசு வாங்கித் தந்த ஆய்வுகளின் அடிப்படையில், லாக்டிக் அமிலம்தான் தசையை இயக்குகிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1929-ல் ஃபிஸ்கும் சுப்பாராவும் தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்தார்கள். ஜெர்மனியில் லோமனும் அதே ஆண்டு கண்டுபிடித்தார். பள்ளிப் பாடத்தில் "செல்லின் நாணயம்" என்று படிக்கிறோமே, அதே ஏ.டி.பி. அதன் பெயரில் வரும் கடைசி எழுத்து பாஸ்பேட்டைக் குறிக்கிறது.

1930-ல் முனைவர் பட்டம் பெற்றார். ஆனால் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து ஆய்வகத்துக்குப் போனார். அங்கே அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு அது மருந்தானது. ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளும் அங்கே உருவாயின. அவற்றைக் கொண்டுதான் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை முதன்முதலாகத் தற்காலிகமாக அடக்கிக் காட்டினார். அந்த வரிசையில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் அதே ஆய்வகத்தில் வந்தது. கடலூர் உட்பட தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் வீடு வீடாக வந்து கொடுத்தார்களே, அந்த மாத்திரைதான்!

1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் தூக்கத்திலேயே இறந்தார். வயது 53. நோபல் பரிசு இல்லை. 1995-ல் நூற்றாண்டை ஒட்டி இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது.

"நார்மல்" என்றால் என்ன?

இனி அந்தத் தாளுக்கு வருவோம். வயது வந்தவர்களுக்கு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் என்பது பொதுவான வரம்பு. லிட்டருக்கு மில்லிமோல் என்று எழுதும் நாடுகளில் இது சுமார் 0.8 முதல் 1.45. இது பாஸ்பரஸின் எடை மட்டுமே. அதோடு ஒட்டியிருக்கும் ஆக்சிஜனின் எடை இதில் சேராது. அதனால்தான் தாளில் "பாஸ்பேட்" என்பதற்குப் பதில் "பாஸ்பரஸ்" என்று போடுகிறார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் வரம்பு கொஞ்சம் மாறும்.

இந்த வரம்பு வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஆரோக்கியமான பலரை அளந்து, நடுவில் உள்ள 95 சதவீதம் பேரின் எண்களை எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அப்படியானால் நூறு ஆரோக்கியமானவர்களில் ஐந்து பேர் வரம்புக்கு வெளியே இருப்பார்கள். 4.6 வந்துவிட்டதே என்று இரவு முழுக்க விழித்திருக்கத் தேவையில்லை. மருத்துவரிடம் காட்டினால் போதும்.

எண் மாறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. வளரும் குழந்தைகளுக்கு இயல்பாகவே பெரியவர்களைவிட அதிகம். ஒரே நாளில் முற்பகலில் குறைந்து இரவில் ஏறும். வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால், இன்சுலின் சுரந்து பாஸ்பேட் செல்களுக்குள் போய், ரத்தத்தில் கொஞ்சம் இறங்கும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலோ, எடுத்த ரத்தம் பிரிக்கப்படாமல் நேரம் கடந்தாலோ பொய்யாக ஏறும். அதனால்தான் காலையில் வெறும் வயிற்றில் வரச் சொல்கிறார்கள்.

குறைந்தால், கூடினால்

நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று விருந்து வைத்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டாம் உலகப் போரின் முடிவில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்ட கைதிகள் சிலர், நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு இறந்துபோனார்கள். காரணங்களில் முக்கியமானது பாஸ்பேட் என்பது பின்னர் புரிந்தது. சாப்பாடு வந்ததும் செல்கள் மிச்சமிருந்த பாஸ்பேட்டை எல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ள, கல்லா காலியாகிவிடுகிறது. இதயமும் மூச்சுத் தசையும் ஏ.டி.பி. இல்லாமல் தளர்ந்துவிடுகின்றன. பல நாள் படுத்து எழுந்தவருக்கு முதலில் கஞ்சி, பிறகு குழைந்த ரசம் சாதம் என்று நம் பாட்டிகள் படிப்படியாகக் கொடுத்ததில் எவ்வளவு நிதானம் இருந்தது!

கூடுவது பெரும்பாலும் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு. செலவு எழுதும் கணக்குப்பிள்ளை படுத்துவிட்டால் வரவு சேர்ந்துகொண்டே போகும். பாஸ்பேட் ஏறினால் பாராதைராய்டு ஹார்மோன் ஏறும். அது எலும்பை அரிக்கும். உடம்பெல்லாம் அரிப்பு எடுக்கும். நாள்பட்டால் எலும்பில் இருக்க வேண்டிய கால்சியம் பாஸ்பேட் ரத்தக் குழாய்ச் சுவரில் படியும். கோப்பைக்கு வலு தரும் அதே உப்பு, குழாயை இறுக்கி இதயத்தைப் பாதிக்கும். டயாலிசிஸ் பாஸ்பேட்டை ஓரளவுதான் எடுக்கும். அதனால் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கும் பாஸ்பேட் பிணைப்பு மாத்திரைகளும் தருகிறார்கள். முன்பு இதற்கு அலுமினியம் ஹைட்ராக்சைடு கொடுத்தார்கள். அலுமினியம் மூளையிலும் எலும்பிலும் சேர்ந்து கெடுதல் செய்வது தெரிந்தபின், கால்சியம் அசிடேட், செவலாமர் போன்றவை வந்தன.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். விருத்தாசலம் பக்கத்து மண்ணில் செழிக்கும் முந்திரியில் 100 கிராமுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. ஆனால் பருப்பு, கொட்டை வகைகளில் அது ஃபைட்டேட் வடிவில் இருப்பதால் குடல் முழுவதையும் உறிஞ்சாது. கோலா பானங்களிலும், பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட் அப்படியல்ல. பெரும்பகுதி நேராக ரத்தத்துக்குப் போய்விடும். சிறுநீரக நோயாளி இவற்றில் எதை, எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவரும் உணவியல் நிபுணரும்தான் சொல்ல வேண்டும்.

முடிவாக

விருத்தாசலத்துச் சூளையில் வேகும் பியூஸ் கேரியரில் செய்தவர் பெயர் இருப்பதில்லை. மின்சாரம் தடையில்லாமல் வரும்வரை அதை யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. சுப்பாராவின் முறையும் அப்படித்தான் ஆய்வகங்களுக்குள் கரைந்துவிட்டது. இரண்டு முறை பள்ளித் தேர்வில் தோற்றவர், முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர், மலச்சட்டி கழுவிப் படித்தவர். அவர் கண்டுபிடித்த வழியில் வந்த எண்ணை வைத்துத்தான் ஒரு டயாலிசிஸ் நோயாளியின் இந்த மாத மாத்திரை கூடுமா, குறையுமா என்று முடிவாகிறது.

அடுத்த முறை ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வாங்கும்போது, பாஸ்பரஸ் என்ற அந்த வரியையும் ஒரு நிமிடம் படித்துப் பாருங்கள்.